எந்த விளக்கு

“சின்னப் படகு விளக்குக்குக் கீழதான் நிக்குது, எடுத்துக்கச் சொல்லு” என்று சாரங்கு வாசலில் நின்றபடி கைபேசியில் யாருக்கோ சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முன்னறை மேசையில் வரைபடங்களை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த பொறியாளர் அதைக் காதில் வாங்கியும் வாங்காமலும் ஜன்னல் வழியே பார்த்தாள். விளக்குக்குக் கீழே படகு எதுவும் இல்லை. தீவின் மேற்கு முனையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட இரும்புக் கம்பம் வெயிலில் நின்றது. அதன் உச்சியில் விளக்கு, அடியில் பாறைகள், பாறைகளின் மேல் நாலைந்து பறவைகள். சாரங்கின் சின்னப் படகோ அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, மேல் பாதி இடிந்துபோன பழைய கல் கோபுரத்தின் நிழலில் ஆடிக்கொண்டிருந்தது.

“அண்ணி, அண்ணன் விளக்குன்னு எதைச் சொல்றாரு?”

சாரங்கின் மனைவி சமையலறை நிலையோரம் நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய கால்களை ஒரு முக்காலியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியாலேயே ஜன்னல் பக்கம் காட்டினாள்.

“அதோ, அந்த மொட்டைதான்.”

“அதுல விளக்கே இல்லையே.”

“முப்பது வருஷமா இல்ல. அதுக்காகப் பேரு போயிடுமா? எங்க சின்ன மாமாவுக்குத் தலையில ஒரு முடி கிடையாது. இன்னிக்கும் சுருட்டைன்னுதான் கூப்பிடுறோம்.”

“அப்ப அந்த முனையில நிக்குற விளக்கு?”

“அது கம்பம்.”

“யாரும் அதை விளக்குன்னு சொல்ல மாட்டாங்களா?”

“எதுக்குச் சொல்லணும்? அது கம்பம், இது விளக்கு. ஏன் மேப்பு, முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?”

மேப்பு என்பது பொறியாளருக்கு அந்த வீட்டில் விழுந்த பெயர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கக்கத்தில் ஒரு கட்டு வரைபடத்தோடு படகிலிருந்து இறங்கி, வழுக்கி, தன்னை விட்டுவிட்டு வரைபடத்தைக் காப்பாற்றிக்கொண்டு முழங்கால் சிராய்ப்போடு வந்து நின்றவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? துறைமுக இலாகாவில் வேலை. வயது நாற்பத்திரண்டு. தீவில் தங்கும் விடுதி கிடையாது. கரைக்கும் தீவுக்கும் நடுவே பயணப் படகு ஓட்டும் சாரங்கின் வீட்டு முன்னறையைத்தான் மீனவர் சங்கத்துச் செயலாளர் ஏற்பாடு செய்து கொடுத்தார். மாதத்தில் பத்து நாள் அங்கேதான் வாசம். முதல் மாதம் விருந்தாளியாக இருந்தாள். இரண்டாவது மாதம் தன் தட்டைத் தானே கழுவினாள். மூன்றாவது மாதத்திலிருந்து மற்றவர்கள் தட்டையும் கழுவ ஆரம்பித்தாள்.

வந்த வேலை அந்தத் தீவுக்கு ஒரு துறைமுகம் திட்டமிடுவது. இலாகா முதலில் போட்டு அனுப்பிய திட்டம் வேறு. உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்க நீளமான ஒரு துறையும், இறங்குகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடையும் அதில் இருந்தன. மீன் தரம் பிரிக்கும் பெண்களுக்கு ஒதுங்க ஒரு கூரைகூட இல்லை. தீவுக்காரர்கள் அதைக் கையால் தொடவில்லை. பொறியாளர்தான் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். வருஷத்தில் எத்தனை நாள் படகு வராமல் கிடக்கிறீர்கள்? மீன் கெட்டுப்போவது ஐஸ் இல்லாமலா, படகு இல்லாமலா? நோயாளியை எப்படி இறக்குகிறீர்கள்? மீன் பிரிக்கும் மேசை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு போய் முப்பத்தொரு பெண்களின் இடுப்பு உயரத்தை அளந்தாள். அந்தக் கூத்தைச் சொல்லிச் சொல்லித் தீவே ஒரு வாரம் சிரித்தது. மூன்று முறை கிழித்துப் போட்டு நாலாவது முறை வரைந்ததுதான் இப்போது மேசையில் கிடப்பது. படிக்கட்டுக்குப் பதிலாக வண்டியும் தள்ளு நாற்காலியும் இறங்கும் சாய்தளம், ஐஸ் அறை, கூரை போட்ட மீன் கொட்டகை, இவற்றுக்கெல்லாம் வெளியே கடலுக்குள் வளைந்து போகும் அலைதடுப்புச் சுவர், அந்தச் சுவரில் படகுகள் நுழைய ஒரு வாய். சனிக்கிழமை ஊர்க்கூட்டம். சங்கம் சம்மதக் கையெழுத்துப் போட்டால் மாதக் கடைசிக்குள் கோப்பு மேலே போய்விடும். தவறினால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் என்பதற்கு இலாகாவில் என்ன அர்த்தம் என்று தீவுக்குத் தெரியும். இதற்கு முன் இரண்டு திட்டங்கள் அப்படி அடுத்த வருஷத்துக்குப் போனவைதான்.

இன்று புதன்.

பொறியாளர் கோப்பைப் புரட்டி ஒரு தாளைத் தேடி எடுத்தாள். சுவரின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை முடிவு செய்ததே ஒரு கருவிதான். அலை எவ்வளவு உயரம், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பதிந்துகொள்ளும் கருவி. அதை ஓர் இரும்புச் சட்டத்தில் பொருத்திக் கடலடியில் இறக்கி, ஒரு வருஷம் அங்கேயே விட்டு எடுத்தார்கள். இரும்புக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் தடுமாறும். ஆகவே மேலே படகில் நிற்பவர்கள் கரையில் தெரிகிற ஏதாவது ஓர் அடையாளத்துக்கு நேராகக் கயிறு பிடிக்க, அதன்படிதான் சட்டத்தைத் திருப்பி வைப்பார்கள். இறக்கிய அன்று அவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. தீவைச் சேர்ந்த முக்குளிப்பவர் ஒருவர்தான் உள்ளே போனார். அவர் நீலப் பேனாவால் எழுதிக் கொடுத்த தாள் இது. ‘அம்புக்குறி விளக்கைப் பார்த்து வைக்கப்பட்டது.’ கணக்குப் போடும்போது விளக்கு என்றதும் அவள் வரைபடத்தில் விளக்கு என்று அச்சாகியிருந்த இடத்தை எடுத்துக்கொண்டாள். முனையில் நின்ற கம்பத்தை.

அளவுகோலை வைத்துப் பார்த்தாள். கருவி கிடந்த இடத்திலிருந்து கம்பத்துக்கும் மொட்டைக் கோபுரத்துக்கும் நடுவே முப்பத்தொரு பாகை.

கணினியைத் திறந்து திசைகளையெல்லாம் முப்பத்தொரு பாகை திருப்பிப் போட்டு மறுபடி ஓட்ட விட்டாள். இயந்திரம் சாவகாசமாக மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது. இடையில் சாரங்கின் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள், போய் உட்கார்ந்தாள், என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரும்பி வந்தபோது திரையில் பதில் நின்றது. அமைதியான மாதங்களில் பழுதில்லை. காற்று மாதங்களில்தான் விஷயம். அலைகள் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து ஓய்ந்துபோகும் என்று அவள் எழுதியிருந்த அறிக்கைக்கு நேர் மாறாக, வாய்க்கு நேரே அணிவகுத்து உள்ளே வந்தன. நுழைகிற படகை ஆள் உயரம் தூக்கி ஒரு பக்கமாகச் சுவரில் அறையும். பாதுகாப்பென்று நம்பி உள்ளே வருகிறவனுக்கு அது எலிப்பொறி.

கணினியை மூடினாள். மூடினாலும் அது உள்ளேயே ஓடிக்கொண்டிருப்பது போல இருந்தது.

யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு குரல் சொன்னது. அது அவளுடைய குரல்தான், அலுவலகத்தில் பேசுகிற அதே நிதானத்தோடு பேசியது. கட்டி முடிக்க மூன்று வருஷமாகும். அதற்குள் யாராவது கவனித்துத் திருத்திக்கொள்வார்கள். நீ இப்போது வாயைத் திறந்தால் திட்டம் போய்விடும், பெயரும் போய்விடும். சாய்தளம் வரும் வரும் என்று காத்துக்கொண்டிருக்கிற இந்த அண்ணிக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வாய்?

மறுநாள் வியாழன். சாரங்கின் மனைவிக்கு ஆஸ்பத்திரி நாள். வாரத்தில் இரண்டு முறை கரைக்குப் போய் நாலு மணி நேரம் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். பொறியாளரும் கூடப் போகிறேன் என்று கிளம்பினாள். அலுவலகத்தில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவைத்தாள்.

இப்போதைய படகுத்துறையில் பதினாறு படிகள். கீழ் ஐந்து படியில் எப்போதும் பாசி. மேலே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாரங்கின் மனைவியை உட்காரவைத்து, முன்னால் ஓர் ஆள் பின்னால் ஓர் ஆள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கடைசிப் படியில் நின்று சாரங்கு அலையைப் பார்த்தார். படகு தாழ்ந்தது, உயர்ந்தது, மறுபடி தாழ்ந்தது. “பொறு… பொறு… இப்ப” என்றதும் நாற்காலி ஒரு நொடி எந்தத் தரையிலும் இல்லாமல் அந்தரத்தில் நின்று படகுக்குள் போயிற்று. அந்த ஒரு நொடியில் சாரங்கின் மனைவி கண்களை மூடவில்லை. உதட்டை மட்டும் உள்ளே மடித்துக்கொண்டாள். பிறகு பொறியாளரைப் பார்த்து, “எனக்கு இது ஊஞ்சல் மாதிரி. வாரத்துக்கு ரெண்டு தடவை. கொடுத்து வச்சவ” என்றாள். போன காற்று மாதத்தில் ஒன்பது நாள் படகு விட முடியவில்லை. பத்தாவது நாள் அவளுக்கு மூச்சு வாங்கிய சத்தம் அடுத்த அறையில் படுத்திருந்த பொறியாளருக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே அழைத்துப் போனபின் சாரங்கும் பொறியாளரும் நீளமான தாழ்வாரத்தில் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் மின்விசிறி ஒன்று கழுத்து சுளுக்கிக்கொண்டது போல ஒரே பக்கம் பார்த்துச் சுற்றியது. சாரங்கு பேப்பர் கப்பில் இரண்டு டீ வாங்கி வந்தார். அலுவலகத்துக்குப் போகவில்லையா என்று அவர் கேட்கவில்லை.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தாள் பொறியாளர். ஆரம்பித்தபின் நிறுத்தவில்லை. விளக்கு, கம்பம், அம்புக்குறி, முப்பத்தொரு பாகை, வாய்க்கு நேரே வரும் அலை. டீ ஆறி மேலே ஏடு படிந்தது. எல்லாவற்றையும் சொல்லி முடித்து, “தப்பு என் தப்புதான். ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும். கேக்கல” என்றாள்.

சாரங்கு கப்பைக் கையில் வைத்து உருட்டினார். ஐம்பது வயதுக்காரர், தோள் அகலம், குரல் மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாத மெல்லிய குரல். திட்டப்போகிறார் என்று அவள் தன்னைத் தயார்படுத்திக்கொண்டாள்.

“எனக்குத் தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“பாகையெல்லாம் தெரியாது. சங்கத்துச் சுவத்துல மேப்பை ஒட்டினீங்கல்ல, அன்னிக்கே பாத்தேன். காத்து மாசத்துல அந்த வாய்க்குள்ள நான் படகை விட மாட்டேன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“ஏன் அண்ணே சொல்லல?”

“என்னன்னு சொல்றது? நீங்க கருவி வச்சு ஒரு வருஷம் அளந்திருக்கீங்க, கம்ப்யூட்டர் சொல்லுது. நான் படகோட்டி. சரி, அது ஒரு சாக்கு.” கப்பைக் கசக்கினார். “நிஜத்தைச் சொல்லணும்னா பயம். நான் ஒண்ணு கிளப்பப்போய், அவங்க கோப்பைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா? இன்னும் பத்து வருஷம் ஆகும். இவ பத்து வருஷம் தாங்குவாளா? சாய்தளம் வந்துடட்டும், வாயை நானே பாத்துப் பாத்து ஓட்டிக்கலாம்னு நினைச்சேன். ஆனா எல்லாப் படகையும் நானே ஓட்ட முடியாதே. தினமும் படுக்கையில இதுதான் ஓடும். யார் மகன் முதல்ல அந்தச் சுவத்துல போய் மோதப்போறான்னு.”

அவர் அவள் பக்கம் திரும்பாமலே பேசினார். முடித்தபின் நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. பொறியாளருக்கும் அதே நேரத்தில் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததைக் கேட்டு எதிர் பெஞ்சில் ஊசி போட்டுக்கொள்ள உட்கார்ந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கக்கூடாத இடத்தில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாலு மாதமாக ஒரே கூரையின் கீழ், ஒரே சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரே சுவரைப் பற்றி ஒருவர் மௌனமாகவும் ஒருவர் அறியாமலும் இருந்திருக்கிறார்கள்.

அங்கிருந்தே தலைமைப் பொறியாளருக்குப் போன் செய்தாள். எந்தக் கூட்டத்திலும் உட்காராமல் நின்றுகொண்டே பேசுகிற மனிதர், ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம். அவர் முழுவதும் கேட்டார்.

“சனிக்கிழமை மீட்டிங். வியாழக்கிழமை சொல்றீங்க” என்றார் கடைசியில்.

“நேத்துதான் சார் தெரிஞ்சுது.”

“புது ரிசல்ட்டை அனுப்புங்க. நான் சனிக்கிழமை நேரா தீவுக்கு வரேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் பேச வேண்டாம்.”

வைத்துவிட்டார். யாரிடமும் என்றால்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாரங்கைப் பார்த்தாள். “நான் யாரும் இல்ல” என்றார் அவர்.

திரும்பும் படகில் சாரங்கின் மனைவிக்குத் தெரியாமல் வைக்க முடியவில்லை. அவள் களைத்துப்போய்ப் பலகையில் சாய்ந்திருந்தவள், இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “என்ன, ரெண்டு பேரும் எதையோ உடைச்சுட்டு வந்த பிள்ளைங்க மாதிரி இருக்கீங்க” என்றாள். சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். சாரங்கு தனக்கு முன்பே தெரியும் என்ற பகுதியை விழுங்கப் பார்த்தார்; முடியவில்லை. அதையும் சொன்னார்.

“எனக்காகவா வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?” என்றாள் அவள். கோபமா, வேறு ஏதாவதா என்று குரலில் பிடிபடவில்லை. “நல்லா இருக்கே. நாளைக்கு எவளாவது என் மூஞ்சியில விழிச்சு, உன்னாலதான் என் வீட்டுக்காரர் போனாருன்னு சொல்லவா?” என்றாள். பிறகு தீவு வருகிற வரை அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். படகை ஓட்டியது உதவியாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மீன் ஏலக் கொட்டகையில் கூட்டம். பலகைகளைக் கழுவி வரிசையாகப் போட்டிருந்தார்கள். கழுவினாலும் அது மீன் கொட்டகைதான் என்று மூக்கு சொன்னது. தலைமைப் பொறியாளர் கடல் மயக்கத்தில் வெளிறிய முகத்தோடு வந்து இறங்கினார். அவளோடு தனியாக ஒரு வார்த்தை பேச அவகாசம் இருந்தும் பேசவில்லை. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாக ஒரு பலகையில் உட்கார்ந்தார்.

சங்கத்துச் செயலாளர் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஊரில் அவருக்கு ‘முன்னுரை’ என்று பெயர். எதைப் பற்றிப் பேச எழுந்தாலும் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லியே நேரம் முடிந்துவிடும். அன்றும் தீவு தோன்றியதிலிருந்து தொடங்கினார். கால் மணி நேரம் கழித்து, “இப்போது கையெழுத்துக்கு முன்பாக…” என்று அவர் பேனாவை எடுத்தபோது தலைமைப் பொறியாளர் கையை உயர்த்தினார்.

“அதுக்கு முன்னாடி அவங்க ஒரு விஷயம் சொல்லணும்” என்று பொறியாளரைக் காட்டினார். “நீங்களே சொல்லுங்க.”

எழுந்து நின்றாள். முன்வரிசையில் அவள் இடுப்பளவு எடுத்த பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. “நீங்க விளக்குன்னு சொல்றது ஒண்ணு, நான் விளக்குன்னு நினைச்சது ஒண்ணு” என்று தொடங்கினாள். சுவரில் மாட்டிய படத்தில் விரலை வைத்து, அலை எப்படி வரும் என்று தான் நினைத்ததையும், உண்மையில் எப்படி வருகிறது என்பதையும் காட்டினாள். இந்தச் சுவரை இப்படியே கட்டினால் காற்று மாதங்களில் படகு உடையும் என்றாள். மன்னிப்புக் கேட்டாள்.

பின்னால் யாரோ ஒருவர் எழுந்து, “ஒன்றரை வருஷமா அப்ப என்னத்தைத்தான் அளந்தீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. முன்னுரை பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். ஒன்றரை வருஷமாக இலாகாவுக்கு நாற்பது கடிதம் எழுதிய மனிதர். அவர் பேசாமல் உட்கார்ந்ததைப் பார்க்கத்தான் பொறியாளருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

சாரங்கு எழுந்தார். “அவங்க மேல மட்டும் போடாதீங்க. எனக்கும் தெரியும். நானும் சொல்லல” என்றார். அந்த மெல்லிய குரல் அவ்வளவு பெரிய கொட்டகையின் கடைசிப் பலகை வரை போய்ச் சேர்ந்தது. இன்னொரு படகோட்டி தலையைச் சொறிந்துகொண்டு, “எனக்கும் அந்த வாயைப் பாத்தப்ப ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு” என்றார். மூன்றாவதாக ஒருவர் முனகினார். தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு.

“சரி” என்றாள் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த சாரங்கின் மனைவி. “சுவத்தோட வாய் தப்பு. இந்தச் சாய்தளம்? அதுவும் தப்பா?”

“இல்ல அண்ணி. அது உள்பக்கம். இயற்கையாவே பாறைத்திட்டு மறைக்கிற இடம். சுவர் இல்லாட்டியும் நிக்கும்.”

“ஐஸ் ரூமு?”

“அது கரையில. அதுக்கும் அலைக்கும் சம்பந்தம் இல்ல.”

“எங்க கொட்டகை?” என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. “இடுப்பெல்லாம் அளந்தீங்களே.”

“அதுவும் கரைதான்.”

“அப்ப வீட்டைக் கட்டும்போது மதில் தப்பாப் போட்டதுக்காக அடுப்படியைக் கட்டாம இருப்பாங்களா? இதை முதல்ல கட்டுங்க. மதிலை அளந்து கட்டுங்க” என்றாள் சாரங்கின் மனைவி.

பொறியாளர் தலைமைப் பொறியாளரைப் பார்த்தாள். அப்படிப் பிரிக்க முடியுமா என்று இரண்டு நாளாக அவளும் யோசிக்காமல் இல்லை. ஆனால் ஒரு கோப்பு ஒன்றாகப் போனால்தான் போகும் என்பது இலாகாவில் எல்லோரும் சொல்லி அவளும் நம்பிய விஷயம். அவர் எழுந்து நின்றார். பழைய ஆளாகிவிட்டார்.

“நேத்து முழுக்க அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு பாகமாப் பிரிக்கலாம். விதி இடம் கொடுக்குது. கரை வேலையும் சாய்தளமும் முதல் பாகம், இந்த மாசமே போகும். சுவர் ரெண்டாம் பாகம். பழைய கணக்கை அவங்க திருத்திட்டாங்க, ஆனாலும் அதை மட்டும் நம்பிச் சுவர் எழுப்ப மாட்டேன். கருவியை இன்னொரு வருஷம் கடல்ல போட்டு அளக்கணும். ஆனா முதல் பாகத்துக்குத் திங்கக்கிழமைக்குள்ள புதுப் படம் வேணும்.” அவள் பக்கம் திரும்பி, “முடியுமா?” என்றார்.

“முடியும் சார்.”

முன்னுரை மெதுவாக எழுந்தார். “ரெண்டாம் பாகத்தை அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு தள்ள மாட்டீங்கன்னு எழுத்துல வேணும்” என்றார். வாழ்நாளில் முதல் முறையாக முன்னுரை இல்லாமல் பேசினார். அதைக் கவனித்தவர்கள் கைதட்டினார்கள். எழுதினார்கள். அவர் சொல்லச் சொல்லத் தலைமைப் பொறியாளரே தன் கையால் எழுதினார், இரண்டு இடத்தில் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொண்டு. அடுத்த முறை கருவியை இறக்கும்போது சங்கத்திலிருந்து இரண்டு படகோட்டிகள் கூட இருக்க வேண்டும் என்ற வரியும் சேர்ந்தது. பிறகு கையெழுத்துகள். பெண்கள் வரிசையில் நின்று போட்டார்கள்.

எல்லோரும் கலைந்தபின் தலைமைப் பொறியாளர் அவளைப் படகுத்துறை வரை கூட நடக்கச் சொன்னார்.

“உங்ககிட்ட விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். நான்தான் அனுப்புவேன். அனுப்பித்தான் ஆகணும்.”

“சரி சார்.”

“விளக்கத்துல எந்த விளக்குன்னு தெளிவா எழுதுங்க.” அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, கண்ணில் மட்டும் கொஞ்சம் இருந்தது. சில அடி நடந்தபின், “எனக்கு ஒரு தடவை இந்த மாதிரி ஆச்சு. ஆனா கட்டி முடிச்சதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது. அந்தத் துறைக்கு நான் இன்னிக்கும் போறதில்ல” என்றார். எந்தத் துறை, என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. அவர் பாசிப் படிகளைக் கைப்பிடி இல்லாமல் எண்ணி எண்ணி இறங்கினார்.

அன்று மதியம் பொறியாளர் முன்னறைப் பாயில் சும்மா கொஞ்சம் சாயலாம் என்று படுத்தவள், செத்த பிணம் போலத் தூங்கினாள். எழுந்தபோது யாரோ தலைக்கு அடியில் தலையணை வைத்திருந்தார்கள். உடம்பு முழுக்க ஒரு லேசு. நாலு நாளாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிருந்தது. இன்னும் எவ்வளவோ இருக்கிறது: கடிதம் வரும், பதவி உயர்வு இந்த முறை வராது, சுவர் எப்போது எழும் என்று யாருக்கும் தெரியாது, வருகிற காற்று மாதங்களில் படகு நிற்கத்தான் செய்யும். இருந்தாலும் பசித்தது. சமையலறைக்குப் போய்ச் சட்டியிலிருந்தே சோற்றை எடுத்துச் சாப்பிட்டாள். சாரங்கின் மனைவி பார்த்துவிட்டு, “தட்டுன்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க மேப்பு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை புதுப் படத்துக்கு அளவெடுக்கக் கடற்கரைக்குப் போனார்கள். சாய்தளம் வரப்போகிற இடத்தை மண்ணிலேயே குறித்துப் பார்த்துவிடலாம் என்று பொறியாளர் ஒரு வாளியில் சுண்ணாம்புத் தூள் கொண்டுவந்திருந்தாள். கயிற்றின் ஒரு முனையைச் சாரங்கு பிடித்துக்கொண்டார், மறு முனையை மீன் பிரிக்கிற பெண் ஒருத்தி. பாதையிலிருந்து தண்ணீர் விளிம்பு வரை இரண்டு வெள்ளைக் கோடுகள் இறங்கின.

“நான் நடந்து பாக்குறேன்” என்றாள் சாரங்கின் மனைவி.

“மணல்ல வேண்டாம்” என்றார் சாரங்கு. அவள் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். கோடுகளுக்கு நடுவே மெல்ல இறங்கினாள், யார் கையையும் பிடிக்காமல். யாரும் அவசரப்படுத்தவில்லை. பாதி தூரத்தில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“இங்க வந்தா எனக்கு மூச்சு வாங்குது. இந்த இடத்துல புடிச்சுக்க ஏதாவது வையுங்க.”

பொறியாளர் ஒரு குச்சியை எடுத்து அங்கே ஊன்றினாள். சாரங்கின் மனைவி அதன் மேல் கையை வைத்து உயரம் சரியா என்று பார்த்துவிட்டு, மறுபடி இறங்கினாள். கீழே கோடு முடிகிற இடத்தில் அலை ஒன்று வந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போயிற்று. பால் கலந்தது போலக் கொஞ்சம் தண்ணீர் அவள் கணுக்காலைச் சுற்றி நின்றது. அவள் நகரவில்லை. மேலே பொறியாளர் வாளியோடு ஓடி வந்துகொண்டிருந்தாள், அழிந்த இடத்தை மறுபடி போட.